புலி நகமும் தந்தி விசையும்

பெண் ஒற்றர் என்றதும் உலகத்தார் நினைவுக்கு முதலில் வருபவர் ஒரு நாட்டியக்காரி. மாதா ஹரி! 1917 அக்டோபர் 15 அன்று, பாரிசு நகரின் புறத்தே வென்சேன் என்னுமிடத்தில், பிரெஞ்சுப் படைவீரர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவர் பகைவர்க்குக் கொடுத்த இரகசியம் எது, அதனால் மாண்ட வீரர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். உறுதியாக விடை சொல்வார் இல்லை. அவர் அணிந்த அணி எது, ஆடிய ஆட்டம் எது என்று கேளுங்கள்; சொல்வதற்கு ஆயிரம் பேர் ஓடி வருவர். 1931இல் கிரெட்டா கார்போ நடித்து அந்தக் கதை வெள்ளித்திரைக்கும் வந்துவிட்டது. ஒற்று வேலை என்றால் பெண்ணுக்கு அது கண்வீச்சு வேலை என்ற எண்ணம் அன்று ஊன்றப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. சிறைப்பட்டும் சித்திரவதைப்பட்டும் வாய் திறவாத பெண்களை உலகம் கண்டது. இனி மோகினிக் கதை செல்லாது. கதாசிரியர்கள் என்ன செய்தனர்? மோகினியை இறக்கிவிட்டுப் பத்தினியை ஏற்றினர்! கணவனுக்காகப் பழி வாங்குபவள், காதலனைத் தேடிக் கடல் கடப்பவள், பாட்டனின் வீர இரத்தம் நரம்பில் கொதிப்பவள் — இப்படி ஒரு வரிசை. நம் நாட்டுப் புராணிகர்க்கு இவ்விரண்டைத் தவிர மூன்றாவது பெண்ணைத் தெரியாது என்பது நாம் அறிந்ததே. மேனாட்டு எழுத்தாளர்க்குமா தெரியாது? போர்க்கால ஒற்றுப் பெண்டிர் பற்றிய புதினங்களையும் படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்த எனக்கு எழுந்த கேள்வி இதுதான்.

அளவுகோல் ஒன்று வேண்டும் என்பீர்கள். வெளிநாட்டில் தேட வேண்டாம். ஒற்றாடலுக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஒற்று என்றால் அதற்கு மூன்று வல்லமை வேண்டும் என்கிறார்: பிறர் ஐயுறாத உருவம், உற்று நோக்கும் கண்ணுக்கு அஞ்சாமை, எந்நிலையிலும் உள்ளத்தில் உள்ளதை உமிழாமை. அழகு கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை, யார் மனைவி, யார் மகள் என்று கேட்கவில்லை. அந்தக் குறளில் ‘ஒற்று’ என்ற சொல்லே அஃறிணையில்தான் நிற்கிறது. ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. தொழில் ஒன்று, அதற்குரிய திறம் மூன்று. இந்தக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு அளப்போம்.

வயலெட் சாபோ. இலண்டன் கடையொன்றில் நறுமணப் பொருள் விற்ற பெண். தந்தை ஆங்கிலேயர், தாய் பிரெஞ்சுக்காரர். கணவர் எத்தியேன் சாபோ 1942 அக்டோபரில் எல் அலமைன் போரில் மாண்டார். பகைவர் பிடித்த நாடுகளில் கலகமும் நாசவேலையும் செய்ய 1940இல் பிரிட்டன் அமைத்த, எஸ்.ஓ.இ. என்று வழங்கிய இரகசியத் துறையில் வயலெட் சேர்ந்தார். இருமுறை பிரான்சுக்குச் சென்றார். இரண்டாம் முறை, 1944 சூனில், அகப்பட்டார். 1945இன் தொடக்கத்தில் ராவன்ஸ்புரூக் முகாமில் கொல்லப்பட்டார். அப்போது அவர் வயது 23. இந்த வரலாற்றைப் படமாக்கி 1958இல் வெளியிட்டனர்.

அந்தப் படத்தில் ஒரு கவிதை வருகிறது. கணவன் மனைவிக்கு எழுதித் தரும் காதல் கவிதை. அவன் மாண்ட பின் அதையே அவள் தன் மறைமொழிக்கு வைத்துக் கொள்கிறாள். கொட்டகையில் கண்ணீர் பெருகும்! ஆனால் அந்தக் கவிதையை எழுதியவர் எத்தியேன் அல்லர். எஸ்.ஓ.இ.யின் மறைமொழிப் பிரிவுத் தலைவர் லியோ மார்க்ஸ். விமான விபத்தில் இறந்த தம் காதலியை நினைத்து அவர் எழுதியது. அதை வயலெட்டுக்குக் கொடுத்தது எதற்காக? மறைமொழித் திறவுகோலாக. ஒற்றர் ஒரு கவிதையை மனப்பாடம் செய்வார். அதிலிருந்து சில சொற்களைப் பொறுக்குவார். அச்சொற்களின் எழுத்துகளுக்கு எண்ணிட்டு, அந்த எண் வரிசைப்படி செய்தியின் எழுத்துகளை இடம் மாற்றிக் குலைத்து அனுப்புவார். கவிதை அச்சில் உள்ளதாக இருந்தால் பகைவர் ஊகித்துவிடுவர். ஆகவேதான் எந்த ஏட்டிலும் இல்லாத கவிதைகளை மார்க்ஸ் தாமே எழுதினார். அதுவும் போதாது என்று கண்டு, பின்னர்ப் பட்டுத் துணியில் அச்சிட்ட திறவுகோல் வரிசைகளைக் கொண்டுவர மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டினார்.

உயிரைக் காப்பதற்கான ஒரு கருவி அது. கொல்லனுக்குச் சுத்தியல் எப்படியோ, ஒற்றருக்குக் கவிதை அப்படி. எழுத்துப் பிசகினால் செய்தி பாழ். இரவில், பசியில், அச்சத்தில் எண்ணிட்டுக் கணக்குப் போட வேண்டும். அந்த உழைப்பில் எத்தனை நாடகம் இருக்கிறது! படமெடுத்தவர்க்கு அது கண்ணில் படவில்லை. கருவியைப் பிடுங்கிவிட்டுக் கையில் தாலியைக் கொடுத்தனர். வயலெட்டின் துணிவுக்குச் சொந்தக்காரர் வயலெட் அல்லர், இறந்து போன கணவர்தான் என்று ஆகிவிட்டது.

கணவரை இழந்த துயரம் அவரை அந்தப் பணிக்கு உந்தியிருக்கலாம்; யார் மறுத்தார்? உந்தியது துயரமாக இருக்கட்டும். செய்தது யார்?

அடுத்து நூர் இனாயத் கான். இவரைப் பற்றி நம் நாட்டினர் எழுதும்போதெல்லாம் முதல் வரி ஒன்றே: ‘மைசூர்ப் புலியின் வழித்தோன்றல்’. 1914இல் மாஸ்கோவில் பிறந்தவர் நூர். தந்தை இசைவாணரும் சூஃபி நெறியாளருமான இனாயத் கான், தாய் அமெரிக்கர். பாரிசின் அருகே வளர்ந்தார், இசை கற்றார், குழந்தை உளவியல் பயின்றார், புத்த சாதகக் கதைகள் இருபதைச் சிறுவர்க்கென எழுதி 1939இல் நூலாக்கினார். பிரான்சு வீழ்ந்ததும் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தது. 1940 நவம்பரில் விமானப்படையின் மகளிர் துணைப்படையில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி கற்றார். 1943 சூனில், சிறு விமானத்தில், நள்ளிரவில் பிரான்சில் இறக்கப்பட்டார். அந்நாட்டுக்கு எஸ்.ஓ.இ. அனுப்பிய முதல் பெண் தந்தியாளர் அவரே. சில நாட்களில் பாரிசில் இருந்த ஒற்றர் குழாம் பிடிபட்டது. திரும்பி வா என்றது இலண்டன். மறுத்தார். பாரிசுக்கும் இலண்டனுக்கும் இடையே எஞ்சிய இழை தாம் ஒருவரே என்பதை அறிந்தவர் அவர். அக்டோபர் வரை இடம் மாறி, வீடு மாறி, கருவிப் பெட்டியைச் சுமந்து திரிந்தார். காட்டிக் கொடுக்கப்பட்டார். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்கௌ முகாமில், வேறு மூன்று பெண் ஒற்றரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 1949இல் ஜார்ஜ் சிலுவை விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

இந்த வாழ்வைப் புதினமாக்கியவருள் குறிப்பிடத் தக்கவர் ஷானா சிங் பால்ட்வின். 2004இல் வந்த அவர் நூலின் பெயரே ‘புலி நகம்’! வழிவழியாக வந்த நகப் பதக்கம் ஒன்று கதைத்தலைவியின் கழுத்தில் தொங்குகிறது. நூலில் போற்றத் தக்கவை உண்டு. பிரிட்டனின் ஆட்சியில் நாடு அடிமைப்பட்டுக் கிடக்க, அதே பிரிட்டனுக்காகப் போரிடும் பெண்ணின் மனமுரண் அதில் நேர்மையாகப் பேசப்படுகிறது. உண்மை நூரும், படைப் பதவிக்கான நேர்காணலில், போர் முடிந்ததும் இந்திய விடுதலையை ஆதரிப்பேன் என்று அதிகாரிகளின் முகத்துக்கு நேரே சொன்னதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அந்த நெஞ்சுரத்தைப் பால்ட்வின் நன்கு உணர்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் கதைத்தலைவி பிரான்சுக்குப் போவதற்குப் புதினம் காட்டும் பெருங்காரணம் என்ன? யூதக் காதலன் ஆங்கே சிக்கியிருக்கிறான். அவனைக் காண வேண்டும். கழுத்தில் பாட்டன் நகம், நெஞ்சில் காதலன் முகம்! நடுவே தந்தி விசையைத் தட்டிய விரல்களுக்கு இடமெங்கே?

வீரம் இரத்தத்தில் வரும் என்ற பேச்சை நாம் விளையாட்டாக விட முடியாது, தோழர்களே. அறிவு ஒரு குலத்தின் இரத்தத்தில் ஓடுகிறது, அடிமைத்தனம் இன்னொரு குலத்தின் இரத்தத்தில் ஓடுகிறது என்று சொன்னவர்களின் சொல்தான் அது. சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. திப்பு மாண்டது 1799இல். அவர் மக்கள் நம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 கிளர்ச்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு, கும்பினியார் தந்த உதவித்தொகையில் வாழ்ந்தனர். அவர்கள் நரம்பிலும் அதே இரத்தந்தானே ஓடிற்று? ஆங்கே உறங்கிய புலி, நூற்றாண்டு கடந்து பாரிசில் விழித்ததா?

நூரின் முன்னோருள் இன்னொருவர் உண்டு. தந்தையின் தாய்வழிப் பாட்டனார் மௌலா பக்ஷ். கருநாடக இசையையும் வடநாட்டு இசையையும் கற்றுத் தேர்ந்தவர். பரோடாவில் இசைப்பள்ளி நிறுவியவர். கற்றதால் உயர்ந்த மனிதர். இவரைத் தலைப்பில் வைத்து எழுதுவார் யாரும் இல்லை. சுல்தானின் நகம் விற்கும்; பாட்டு வாத்தியாரின் தாளம் விற்காது போலும்! இத்தனைக்கும் புள்ளியும் கோடுமாய்ச் செய்தி தட்டுவது தாளம் தப்பக்கூடாத வேலை.

நூரின் கதையில் உண்மையான துன்பியல் வேறிடத்தில் இருக்கிறது. அவர் பயிற்சி முற்றுப் பெறவில்லை. இந்த வேலைக்கு இவர் ஏற்றவரா என்று பயிற்சியாளர் சிலர் ஐயம் எழுதி வைத்தனர். தந்தியாளர் தட்டுப்பாடு, பிரெஞ்சுப் பகுதித் தலைவர் பக்மாஸ்டர் அந்த ஐயத்தை ஒதுக்கிவிட்டு அனுப்பினார். தாம் அனுப்பிய செய்திகளை எல்லாம் நூர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அது செருமானியர் கையில் சிக்கியது. அவர் கருவியைக் கொண்டே, அவர் அனுப்புவது போல, அவர்கள் இலண்டனுக்குச் செய்தி விடுத்தனர். இலண்டன் நம்பிற்று! 1944 பிப்ரவரி இறுதியில் மதலேன் தமெர்மான் என்ற பெண்ணும் இரு தோழரும் வான்குடையில் இறங்கினர். காத்திருந்த செருமானியர் கையிலேயே இறங்கினர். டாக்கௌவில் நூரோடு சுடப்பட்ட மூவருள் தமெர்மானும் ஒருவர்.

ஓர் ஒற்று தந்த செய்தியை இன்னோர் ஒற்றால் சரிபார்க்க வேண்டும் என்று அதே அதிகாரத்தில் சொல்லி வைத்தார் வள்ளுவர். இலண்டன் அலுவலகத்தில் அதைச் செய்திருந்தால் அந்த மூவர் விமானம் ஏறியிருக்க மாட்டார்கள். இந்த அலுவலகத்தை, கோப்புகளின் ஓரத்தில் ஒப்பமிட்ட இந்தக் கனவான்களை, எந்தப் புதினம் குற்றக் கூண்டில் நிறுத்துகிறது? பெண்ணைத் தெய்வமாக்கிவிட்டால் ஒரு வசதி உண்டு: தெய்வத்தைச் சாகவிட்டவன் யார் என்று எவரும் கேட்கமாட்டார். பலிபீடத்துக்கு மாலை போடலாம். பூசாரியைக் கேள்வி கேட்கக் கூடாது!

பிரெஞ்சுப் பகுதியினர் அனுப்பிய பெண்கள் 39 பேர். 13 பேர் திரும்பவில்லை. முறையான மகளிர் படைகளில் பெண் ஆயுதம் ஏந்தக் கூடாதென விதி இருந்ததால், இவர்களுள் பலரை முதலுதவிச் செவிலியர் அணி என்ற தனி அமைப்பின் பெயரில் பதிந்து அனுப்பினர். பெயரேட்டில் செவிலி, கைப்பையில் துப்பாக்கி. இந்த ஒரு முரணை வைத்தே ஒரு புதினம் எழுதலாம்.

செபாஸ்டியன் ஃபோக்ஸ் எழுதிய ‘சார்லட் கிரே’ (1998) பற்றி நீட்ட வேண்டுவதில்லை. காணாமற்போன விமானியைத் தேடிச் செல்லும் காதலி. பிற்பகுதியில் யூதச் சிறுவர் இருவரின் கதி நெஞ்சைப் பிசைகிறது, அதற்காகப் படிக்கலாம். தலைவியின் ஒற்று வேலை என்னவென்று நூலை மூடியபின் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டார். “பேர்ல் விதரிங்டனுக்கும் காதலன் பிரான்சில்தானே இருந்தான்? போய்ச் சந்தித்தாளே, மணந்தாளே! நடந்ததைத்தானே கதாசிரியர் எழுதுகிறார்?” நல்ல கேள்வி. பேர்ல் 1943 செப்டம்பரில் வான்குடையில் இறங்கினார், காதலரைக் கண்டார், 1944 அக்டோபரில் மணந்தார். மெய்தான். ஆனால் இடையில்? குழாத் தலைவர் 1944 மே மாதத்தில் பிடிபட்டதும் தலைமையைத் தாமே ஏற்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் போராளிகளுக்கு ஆயுதமும் பணமும் சேர்த்து, இருப்புப் பாதைகளைத் தகர்க்கச் செய்தார். அவர் தலைக்குப் பகைவர் பத்து இலட்சம் பிராங்கு விலை வைத்தனர். காதலரும் அவர் அணியில் ஒரு வீரராகப் போரிட்டார். காதல் இருந்தது, கூடவே இருந்தது. காதல் கூடாதென்று நாம் வழக்காடவில்லை. ஆண் ஒற்றனின் கதையில் காதல் வந்தால் அது அவன் வாழ்வின் ஒரு பகுதி. பெண் ஒற்றின் கதையில் வந்தால் மட்டும் அது அவள் செயலுக்கெல்லாம் மூலகாரணம். இந்த இரட்டைத் தராசைத்தான் மறுக்கிறோம்.

மேனாட்டாரைக் குறைசொல்லிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. நம் மேடைகளில் பெண் வீரம் என்றால் என்ன பேசுகிறோம்? புறநானூற்றுத் தாய்! மகனைப் போருக்கு அனுப்பியவள், மகன் முதுகில் புண்பட்டானா என்று பிணக்குவியலில் தேடியவள். கை தட்டுகிறோம். அந்தத் தாயின் வீரமும் மகன் மார்பில்தானே அளக்கப்படுகிறது? வாளெடுத்தவன் அவன், இவள் பெற்றவள். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்று பெரியார் கேட்டதைப் படித்த நாம், தாய்மைப் பெருமையும் கற்புப் பெருமையும் தமிழ்ப்பூச்சுப் பூசிக்கொண்டு வந்தால் வணங்கிவிடுகிறோம். பெண் வீரம் பற்றி எழுதுக என்றால் என் வகுப்பு மாணவியர் பத்துப் பேரில் எட்டுப் பேர் யாரோ ஒருவனின் தாயைப் பற்றி எழுதுகின்றனர். அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது நாம்தான்.

வேலையைத் திரிப்பதற்கு இன்னும் நுட்பமான வழி ஒன்றுண்டு. 2014இல் வந்த ‘தி இமிட்டேஷன் கேம்’ படத்தில் ஜோன் கிளார்க் என்னும் கணித மேதை, செய்தித்தாளில் வந்த குறுக்கெழுத்துப் புதிரை விடுவித்ததால் மறைமொழி உடைக்கும் நிலையமாகிய பிளெட்ச்லிக்கு அழைக்கப்படுகிறார். அழகான கற்பனை, அநியாயமான கற்பனை. மெய்யான கிளார்க் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று முதல் வகுப்பில் தேறியவர். அவர் திறத்தை நேரில் அறிந்த ஆசிரியர் கோர்டன் வெல்ச்மன் அவரை அழைத்துக்கொண்டார். முதல் வகுப்பில் தேறியும் முழுப் பட்டம் இல்லை. 1948 வரை கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு அதைத் தரவில்லை. பிளெட்ச்லியில் ஆண்களுக்கு நிகரான ஊதியம் இல்லை. ஊதியத்தைச் சற்றே உயர்த்துவதற்கு அவரை ‘மொழியறிஞர்’ என்ற பதவிக்கு மாற்ற வேண்டியிருந்தது. படிவத்தில் அவர் ‘பதவி: மொழியறிஞர்; அறிந்த மொழிகள்: ஏதுமில்லை’ என்று நிரப்பி மகிழ்ந்தாராம்! இத்தனை நகைச்சுவையும் கசப்பும் கலந்த காட்சி கையில் இருக்க, புதிர்ப்போட்டியைத் தேடிப் போவானேன்? பட்டம் மறுத்த பல்கலைக்கழகத்தையும் ஊதியம் மறுத்த அரசையும் காட்டினால் அவை தலைகுனிய நேரும். குறுக்கெழுத்துக்கு யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

மூன்றாவது பெண்ணைக் கண்டவர்களும் உண்டு. கேட் அட்கின்சனின் ‘டிரான்ஸ்கிரிப்ஷன்’ (2018) அதில் முதன்மை. 1940இல் உளவுத்துறையில் சேரும் பதினெட்டு வயதுப் பெண் ஜூலியட். அவள் வேலை என்ன? அடுத்த அறையில் நாட்சி ஆதரவாளர் பேசுவது ஒலிவாங்கி வழியே வட்டில் பதிவாகிறது. அதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். இருமல், தேநீர்க் கோப்பையின் ஒலி, நாய் குரைப்பு, காதில் விழாத சொற்கள். விழாத இடத்தை அவள் ஊகித்து நிரப்புகிறாள். வரலாறு என்று பின்னர் கோப்பில் உறையப் போவது ஒரு தட்டச்சுப் பெண்ணின் ஊகமும் கலந்ததே என்பதை எத்தனை எளிதாகக் காட்டிவிடுகிறார்! மேலதிகாரி காதல் பேசப்போகிறார் என்று அவள் எதிர்பார்த்துப் போனால், அவர் ஆற்றங்கரையில் நீர்நாய் காட்டுகிறார். காதல் கதை எதிர்பார்த்த வாசகருக்கும் அதே பரிசு. இந்தப் பெண் புனிதை அல்லள். பொய் சொல்கிறாள், தவறுகிறாள், அந்தத் தவறுகளுக்கு விலையும் கொடுக்கிறாள். மனிதப் பிறவி என்றால் அதுதானே?

எலிசபெத் வெய்ன் எழுதிய ‘கோட் நேம் வெரிட்டி’ (2012) இளைஞர்க்கென எழுதப்பட்டது, முதியோரும் படிக்கலாம். கெஸ்டபோ சிறையில் ஓர் இளம்பெண் வாக்குமூலம் எழுதுகிறாள். அவளைக் கொண்டுவந்து விட்ட விமானி அவள் தோழி. ஒருத்தி ஸ்காட்லாந்துப் பெருங்குடி. மற்றவள் மோட்டார் சைக்கிள் கடைக்காரரின் பேர்த்தி, யூத வழியினள். எந்திரம் பழுதுபார்க்கத் தெரிந்தவள் என்பதாலேயே விமானம் பழகியவள். பிறப்பு பிரித்து வைத்த இருவரைப் பணி சேர்த்து வைக்கிறது. கணவன் இல்லை, காதலன் இல்லை, பாட்டன் பெருமை பேசுபவளும் அதை நகைத்தே பேசுகிறாள். நட்பு ஒன்றுதான். நூலாசிரியரே விமானம் ஓட்டத் தெரிந்தவர். முகிலும் எண்ணெய் வாடையும் ஏட்டில் மணக்கின்றன. வள்ளுவர் கேட்ட மூன்றாவது திறம், உமிழாமை, இந்த வாக்குமூலத்தில் எப்படி ஒளிந்து நிற்கிறது என்பதை நான் சொல்லிவிட்டால் உங்கள் வாசிப்பைக் கெடுத்தவன் ஆவேன். நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்; இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

பேர்ல் விதரிங்டனுக்குத் திரும்புகிறேன். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஒரு விருது அளித்தது: குடிமக்கள் பிரிவில். தாம் செய்த வேலையில் குடிமக்கள் வேலை ஏதுமில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்; பிறகுதான் படைப்பிரிவு விருது வந்தது. வான்குடை வீரர்க்குரிய சிறகுச் சின்னமோ அப்போதும் வரவில்லை. ஐந்து முறை குதித்தவர்க்கே சின்னம் என்பது விதி. ஆண்களுக்குப் பயிற்சிக் குதிப்பு நான்கு. பகைவர் மண்ணில் குதிப்பது ஐந்தாவது. பெண்களுக்குப் பயிற்சிக் குதிப்பு மூன்றே. பகைவர் மண்ணில் குதித்தாலும் கணக்கு நான்கு. ஒன்று குறைகிறதாம்! அறுபதாண்டு காலம் அவர் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2006இல், அவருக்கு 91 வயதானபோது, விமானப்படை அதிகாரி ஒருவர் பிரான்சுக்கு வந்து அந்தச் சிறகைக் கொடுத்தார்.